மஞ்சள் படிந்த மான் தலை

அந்தக் கிழமை முழுவதும் மழை வரவேண்டும் என்று நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் இருந்த வீட்டின் பின்வளவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை. கதிரையில் ஒரு பழைய துவாய். துவாயின் மேல் கொம்புகளோடு ஒரு மான் மண்டையோடு. கதிரையின் நிறத்தில் இருந்திருக்க வேண்டிய அது மஞ்சட்சோற்றின் நிறத்தில் இருந்தது. அந்த மஞ்சளை வெயில்தான் எடுக்கவேண்டும். வெயிலும், லண்டனில் இல்லாத வழக்கமாக, காலையிலிருந்து மாலை வரை எறித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நான். மடியில் இரசாயனவியல் புத்தகம். ஒரு பாடம் தவறி, மறுபரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வேலியின் நிழல் நகர நகரக் கதிரையை வெயிலுக்குள் தள்ளுவது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தந்தவன் என் அறைத்தோழன் பாஸ்கி. பெற்றோல் நிலையத்துக்கு வேலைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போவான்.

"மச்சான், நிழலுக்குள்ளை கிடந்தால் காயும், ஆனால் வெளிறாது. பாத்துப் பாத்துத் தள்ளிவிடு."

"ஓம், நீ போ."

தள்ளினேன். ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கம் கூடுதலாகப் படித்துவிட்டுத் தள்ளினேன்.

பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெண்மணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உங்கள் விருந்தாளிக்கு வெயில் பிடித்திருக்கிறது போல, ஒரு தொப்பி கொடுக்கக்கூடாதா என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் போனதும் வானத்தைப் பார்த்தேன். ஒரு முகில்கூட இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி நல்லதாகவே எழுதி வந்திருக்கிறேன். வாசித்தவர்களும் நல்ல பிள்ளை என்று சொன்னார்கள். இந்த வாரம் அப்படி எழுத முடியவில்லை.

கென்னின் கடை

மோர்டனுக்கு அப்பால் கென் என்பவரின் இறைச்சிக்கடையில் நான் வாரக் கடைசியில் வேலை செய்தேன். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சியோடு மான் இறைச்சியும் விற்கும் கடை. அனுமதிப் பத்திரத்தோடு மான் சுடுகிறவர்கள் உடலைக் கொண்டுவந்து தருவார்கள். கென் உரித்து வெட்டிக் கொடுப்பார்.

சிலர் தலையைத் திரும்பக் கேட்பார்கள். தோலையும் கண்ணாடிக் கண்ணையும் வைத்து உயிருள்ளதுபோலச் செய்வது ஒரு வகை. இவர்கள் கேட்டது மற்ற வகை. சதையெல்லாம் எடுத்து, எலும்பை வெளுக்க வைத்து, கொம்போடு ஒரு பலகையில் பொருத்திச் சுவரில் மாட்டுவது. ஐரோப்பிய முறை என்பார்கள்.

கென்னுக்கு அதற்கு நேரமில்லை. ஒருநாள் கத்தியைத் துடைத்துக்கொண்டே, நீ இரசாயனம் படிக்கிறவன்தானே, உனக்குத் தெரிந்திருக்குமே என்றார்.

தெரியும் என்றேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா பெருவிரலை மையில் தோய்த்து வைப்பவர். அம்மா பஸ்ஸின் பெயர்ப்பலகையை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்பார். பத்து வயதிலேயே எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லா வீடுகளுக்கும் நான்தான் கடிதம் வாசித்தேன். மருந்துப் போத்தலில் எத்தனை கரண்டி என்று போட்டிருக்கிறது, பசளைப் பையில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். தெரியாததற்கும் ஒரு பதில் சொல்லுவேன். தெரியாது என்று சொன்னால் அப்பாவின் முகம் விழுந்துவிடும்.

அப்படித்தான் கென்னிடமும் சொன்னேன்.

என் முதல் தலை ஒரு சின்ன ரோ மான். பெரிய சட்டியில் போட்டுத் தளதளவென்று கொதிக்க வைத்தேன். மூக்கு எலும்பு இரண்டும் கழன்று அப்பளம்போல மிதந்தன. பல்லு எல்லாம் சட்டிக்கு அடியில் கிடந்தது. ஒவ்வொன்றாகப் பசை போட்டு ஒட்டினேன். கென் தூரத்தில் பிடித்துப் பார்த்து, சுவரில் உயர மாட்டினால் சரியாக இருக்கும் என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. வேறு ஒருவருக்கும் அந்த வேலை தெரியாது என்ற வரையில் போதுமாக இருந்தது.

ஜெர்மனியிலிருந்து வந்தவன்

பாஸ்கியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். 

பதினெட்டு வயதில் ஜெர்மனிக்குப் போனவன். காட்டுப் பக்கத்தில் ஒரு விடுதிக் குசினியில் பத்து வருடம் கோப்பை கழுவி, காய் வெட்டி, அந்த நாட்டுப் பிரஜையும் ஆகி, பிறகு லண்டனுக்கு வந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அவனுடைய கடவுச்சீட்டு செந்நிறம். அதைக் கட்டிலுக்குக் கீழே சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டிருப்பான். என்னுடையதில் மாணவர் விசா ஒட்டியிருந்தது. நான் அதை மூன்று உறைக்குள் வைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை ஓய்வு என்று என்னோடு கடைக்கு வந்தவன், நான் ஒட்டிய மண்டையோட்டைப் பார்த்தான்.

"இதை ஆரடா அவிச்சது?"

"நான்தான். ஏன்?"

"கொதிக்க விட்டனியோ? இது என்ன, ஆட்டுக்கால் சூப்பே?"

அந்த விடுதி முதலாளி வேட்டைக்காரராம். வருடத்தில் நாற்பது ஐம்பது தலை பாஸ்கியின் கையால் போயிருக்கிறது. கென்னிடம் இதை நான்தான் மொழிபெயர்த்தேன். பாஸ்கியின் ஆங்கிலம் பெற்றோல் நிலையத்துக்கு மட்டும் போதுமான ஆங்கிலம்.

கென் சிரித்தார். ஐரோப்பிய முறைக்கு ஐரோப்பாவிலிருந்தே ஆள் வந்திருக்கிறான் என்றார்.

அவன் வேலை செய்வதைப் பார்க்க எனக்கு எரியும். ஆனாலும் பார்ப்பேன். முதலில் இரண்டு நாள் குளிர்தண்ணீரில் ஊறவிட்டு இரத்தம் எடுப்பான். வளைந்த கம்பியால் மூளையைக் கலக்கித் தோட்டக் குழாயால் பீச்சுவான். கொம்பின் அடியைத் துணியும் பொலித்தீனும் சுற்றிக் கட்டி, தண்ணீர் தொடாதபடி சட்டியில் இறக்குவான். கொஞ்சம் சலவைச் சோடா. அடுப்பை அவ்வளவு குறைத்து வைப்பான்.

"தண்ணி நடுங்கவேணும். கொதிக்கப்படாது," என்பான்.

பிறகு மெல்லிய பற்தூரிகையால் தேய்த்து, எண்ணெய் போக ஊறவைத்து, வெளுக்க வைக்கும் பெரொக்சைட்டில் நனைத்த பஞ்சை எலும்பில் ஒற்றுவான். வெளியே வரும் தலை முட்டைக் கோதுபோல வெள்ளையாக இருக்கும். மூக்கு எலும்பின் நுனிகூட முறியாது.

சுடுகிறவர்கள் வந்து, ஜெர்மன்காரனிடம் கொடுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். கென் தன்னுடைய குவளையில் அவனுக்குத் தேநீர் கொடுத்தார். இரண்டு வருடம் அங்கே வேலை செய்த எனக்கு எப்போதும் கடதாசிக் கோப்பைதான்.

வீட்டிலும் அப்படித்தான். அந்த வீட்டை எடுத்து எங்களுக்கு அறை விட்டிருந்தவர் சிவமலர் அக்கா. மீன் குழம்பு வைத்தால் தலை அவனுக்குப் போகும். "அவன் கை வேலை செய்யிற பிள்ளை," என்பார். எனக்கு நடுத்துண்டு. முள் இல்லாதது, படிக்கிற பிள்ளைக்கு என்று. எனக்கும் தலை பிடிக்கும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொட்டில்

கடைக்குப் பின்னால் ஒரு கொட்டில் இருந்தது. கென் அதைத் துப்புரவாக்கி, மேசையும் தண்ணீர்க் குழாயும் போட்டார். தலை வேலைக்கு நிரந்தரமாக ஒருவர் வேண்டும், கதவில் பெயர்ப்பலகையும் போடுகிறேன் என்றார்.

நான் அன்று மாலையே ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பா, எனக்கெண்டு ஒரு இடம் தரப்போகினம். கதவிலை பேரும் போடுவினம்."

"என்ன பேர் போடுவினம்?"

"என்ரை பேர்தான்."

"அப்ப ஒரு படம் எடுத்து அனுப்பு மோனை."

அடுத்த நாளே அப்பா ஒழுங்கை முழுவதும் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை கென் என்னைக் கூப்பிட்டு, ஒரு பெரிய தலை வந்திருக்கிறது, பாஸ்கியிடம் கொடு, இதைச் சரியாகச் செய்தால் கொட்டில் அவனுக்கு என்றார்.

அந்தத் தலை ஒரு ஃபலோ மான். கொம்பு விரித்த கைபோல இருக்கும். கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். வெள்ளை என்றால் உண்மையான வெள்ளை வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனவர். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனி வருவார்.

பாஸ்கி அதைச் சட்டியில் இறக்கிய நாள் ஒரு வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டது. வெள்ளியில் அந்த வீட்டில் முட்டைகூட உடைக்கமாட்டார்கள். அவனுடைய ஷிப்ட் மாறிவிட்டது, வேறு நாள் இல்லை என்று கெஞ்சி, பின்வளவில், தன்னுடைய சட்டியில், தன்னுடைய காஸ் அடுப்பில் என்ற நிபந்தனையோடு அக்காவிடம் சம்மதம் வாங்கினான். தண்ணீர் நடுங்கத் தொடங்கியதும், சட்டியைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினான்.

நான் புத்தகத்தோடு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒரு மணித்தியாலத்தில் மணம் எழும்பிவிட்டது. அக்கா தலைக்கு முழுகி, ஈரத் துவாயோடு வெளியே வந்தார்.

"தம்பி, வெடுக்கு மணம் சாமித்தட்டு வரைக்கும் வந்திட்டுது. விளக்குக் கொளுத்த ஏலாமல் கிடக்கு. இவன் என்னத்தைப் போட்டு அவிக்கிறான்?"

"தண்ணியும் சோடாவும் அக்கா."

"மஞ்சள் போடேல்லையோ?"

"இல்லை."

"ஆரடா இறைச்சிச் சாமானை மஞ்சள் போடாமல் அவிக்கிறது? அதுதான் இப்பிடி மணக்குது."

உள்ளே போய் மஞ்சள்தூள் போத்தலோடு வந்தார். மூடியைத் திறந்து, கரண்டியை எடுத்து, சட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ படிக்கிற பிள்ளை. போட்டால் ஒண்டும் பழுதாகாதோ?"

மஞ்சள் எலும்பில் பிடிக்கும். சோடாத் தண்ணீரில் சிவக்கும். பள்ளிக்கூடத்தில் மஞ்சள் தடவிய கடதாசியைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துப் பார்த்தது ஏழாம் வகுப்பிலோ எட்டிலோ. அந்த நேரம் எனக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"தெரியாது அக்கா," என்றேன்.

என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு நான் அப்படிப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா இரண்டு கரண்டி போட்டார். தண்ணீர் சிவந்தது. "குங்குமம் மாதிரி வருது," என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மணம் குறைந்த திருப்தியோடு விளக்குக் கொளுத்தப் போனார். நான் அடுப்பை அணைக்கவில்லை. தலையைத் தூக்கவில்லை. அவன் சொன்னபடியே, கொதிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

வெயில் கிழமை

பாஸ்கி வந்து சட்டியைப் பார்த்ததும் நிலத்தில் குந்திவிட்டான். அக்கா ஓடிவந்தார்.

"ஐயோ தம்பி, நான்தான் போட்டனான். மணத்துக்குப் போட்டனான். பழுதாய்ப் போச்சே?"

அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு, "பரவாயில்லை அக்கா, கழுவலாம்," என்றான். என் பக்கம் திரும்பி, "நீ என்ன மச்சான் செய்வாய், புத்தகத்தைத் தவிர உனக்குக் குசினியிலை என்ன தெரியும்," என்று என் தோளில் தட்டினான்.

அந்தத் தட்டு இப்போதும் அந்த இடத்திலேயே இருக்கிறது.

கழுவியதும் சிவப்புப் போய் மஞ்சள் நின்றது. பெரொக்சைட் பாதியை எடுத்தது. மிச்சத்தை வெயில் எடுக்கும், மஞ்சள் பட்ட உடுப்புக்குச் செய்வதுதானே என்று கதிரையைப் போட்டான். திங்கள், செவ்வாய், புதன். உண்மையில் எடுத்தது. நெற்றி எலும்பு வெளுத்தது. வேலையால் வந்ததும் சாப்பிடாமல் வந்து அதைத் தூக்கிப் பார்ப்பான். புதன்கிழமை விசிலடித்தான். அந்த விசில் என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது. எட்டாம் வகுப்புப் படித்தவன், நான் படித்ததையெல்லாம் ஒரு துவாயையும் கதிரையையும் வைத்து வெல்லப்போகிறான்.

வியாழன் காலை இருண்டது. பத்து மணிக்கு மழை. வெள்ளியும் மழை.

சனிக்கிழமை பல் வைத்தியர் மண்டையோட்டைச் சன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்குழிக்குள்ளும் பல்லின் அடியிலும் மஞ்சள் அப்படியே இருந்தது. என்ன நடந்தது என்று கென் கேட்டார்.

பாஸ்கி என் காதுக்குப் பக்கத்தில் சொன்னான். "பிழை என்ரை எண்டு சொல்லு. அக்காவின்ரை கதை ஒண்டும் எடுக்காதை."

நான் சொன்னேன். இவருடைய பிழை, இவர் வருந்துகிறார் என்று. அவ்வளவு சுத்தமான ஆங்கில வசனத்தை நான் எந்தப் பரீட்சையிலும் எழுதியதில்லை.

கொட்டில் எனக்குக் கிடைத்தது. பலகையில் என் பெயர். அதற்குக் கீழே நின்று படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பாஸ்கி பெற்றோல் நிலையத்தில் முழுநேரமாகச் சேர்ந்தான். அவன் செய்ததைப் பார்த்துப் பழகியிருந்ததால் என் தலைகளின் மூக்கு முறியவில்லை. ஆனால் முட்டைக் கோது நிறம் ஒருநாளும் வரவில்லை.

அர்ச்சனை

அந்த மாரிகாலம் முழுவதும் அக்கா வெள்ளிக்கிழமைகளில் பாஸ்கிக்குச் சோற்றுப் பார்சல் கட்டிப் பெற்றோல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த அப்பளம் தனியாக. தன் கையால் அவனுடைய இடம் போனது என்று. எனக்கு அந்தப் பார்சலிலும் எரிச்சல் இருந்தது. கொட்டில் என்னிடம், சோறு அவனிடம் என்று பங்குபோட்டுப் பார்ப்பேன்.

ஒரு நாள் அக்காவோடு கோவிலுக்குப் போனேன். அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டார். அக்கா தன் பெயரைச் சொல்லவில்லை.

"பாஸ்கரன். கார்த்திகை நட்சத்திரம். என்னாலை ஒரு பிள்ளைக்கு வேலை போய்ட்டுது ஐயா. நல்ல இடம் ஒண்டு கிடைக்கவேணும்."

அவனுடைய நட்சத்திரம்கூட அவருக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். முதலில் அதுதான் வந்தது. என்னாலை என்ற அந்தச் சொல் பிறகுதான் உள்ளே இறங்கியது.

அங்கிருந்து நேரே பெற்றோல் நிலையத்துக்குப் போனேன். பாஸ்கி கண்ணாடிக்குப் பின்னால் நின்றான்.

"எந்தப் பம்ப் ஐயா? காரைக் காணேல்லை."

"மச்சான், மஞ்சள் பழுதாக்கும் எண்டு எனக்கு அண்டைக்குத் தெரியும். அக்கா என்னைக் கேட்டவா. தெரியாது எண்டு சொன்னனான்."

எனக்குப் பின்னால் ஒருவர் பால் போத்தலோடு நின்றார். பாஸ்கி அவரை முன்னுக்குக் கூப்பிட்டு, மிச்சம் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினான். அடுத்தவரையும் அனுப்பினான்.

"அக்காவுக்குச் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை. உனக்குத்தான் முதல்."

"நான் கையாலை உழைச்சுத் தின்னுறன், எனக்கு ஒண்டுமில்லை. அவ ஒவ்வொரு வெள்ளியும் இதிலை வந்து அழுதிட்டுப் போறா. முதல் அங்கை போ."

"கென்னிட்டையும் சொல்லட்டே?"

"சொல்லாமல் பின்னை? நிண்டு நிண்டு எனக்குக் கால் நோகுது."

அவன் சிரிக்கவில்லை. நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அடுத்த ஆள் வந்துவிட்டார்.

அக்கா நான் சொன்னதைச் சுளகில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டார். இடையில் கை நின்றது.

"உன்னைக் கேட்டுத்தானேயடா போட்டனான்," என்றார். அவ்வளவுதான். மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நடுத்துண்டுதான் வைப்பார்.

கென்னிடம் சொன்னபோது அவர் திருப்புளியைத் தந்து, கதவிலிருந்து பலகையை என்னையே கழற்றச் சொன்னார். இப்போது அங்கே பாஸ்கியின் பெயர். நான் கடையில் சொசேஜ் கட்டுகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இதை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டினால் தெரிந்துகொள்வார். இப்போது ஒழுங்கையில் வாசிக்கத் தெரிந்தவர்கள் வேறும் இருக்கிறார்கள்.

நாலாவது கிழமை, வெள்ளிக்கிழமை, அக்கா பேசினார். பார்சலைக் கட்டி என் கையில் வைத்து, "கொண்டுபோய் அவனிட்டைக் குடு," என்றார். இனி என் கடன் என்ற மாதிரி.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் கொட்டிலுக்கு நான்தான் கொண்டுபோகிறேன். மோர்டன் பஸ்ஸில் மேல்தட்டில் இருப்பேன். பார்சல் மடியில் சுடும். கத்தரிக்காய்ப் பால்கறி மணம் பொலித்தீனைத் தாண்டி வரும். ஒரு அப்பளம் எடுத்தால் யாருக்கும் தெரியாது. எடுப்பதில்லை. ஆனால் இறங்கும் இடம் வரும்வரை, அக்கா அவனுக்கு எத்தனை அப்பளம் வைத்திருப்பார் என்று விரலால் தடவித் தடவி எண்ணிக்கொண்டுதான் போகிறேன்.